அளவு கொடுத்தவள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை அப்பா எழுதச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. ஃபோனில் பேசினால் நம் பேச்சு எப்போதும் சண்டையில்தான் போய் முடிகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. டிசம்பரில். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அமைதியானவர். நான் பேசும்போது முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். நம் வீட்டில் அப்படி யாரும் கேட்டதில்லை என்பதால் எனக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது. சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்கா. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுகிறேன். அண்ணி கல்யாண உடைகள் தைக்கும் கடை வைத்திருக்கிறார். முதல் நாளே என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "கழுத்து நல்ல நீளம், காலர் அழகா நிக்கும்" என்றார்.

ஆனால் அக்கா, என் கல்யாண உடையை நானே கடைக்குப் போய்ப் பார்த்து எடுக்க வேண்டும் என்று ஆசை. எப்போது ஆரம்பிக்க வேண்டும்? எப்படிப் பார்க்க வேண்டும்? அம்மாவிடம் கேட்டால், "அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க" என்கிறாள். இந்த வீட்டில் கல்யாண உடை போட்டவள் உன்னை விட்டால் யாரும் இல்லை. அம்மா போட்டது இரவல்.

பதிலை லேப் முகவரிக்கு அனுப்பு. நான் அதே பல் லேபில்தான் இருக்கிறேன். யார் யாருடைய வாயின் அச்சோ வருகிறது, அதில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றிப் பல்வரிசை எடுத்துக் கொடுக்கிறேன். கடிதம் வந்தால் மெழுகம்மா பத்திரமாக வைத்திருப்பார். பக்கத்து மேசையில் மெழுகில் பல் செதுக்குபவர் அவர். அதனால்தான் அந்தப் பெயர்.

சின்னு

பிப்ரவரி 20

சின்னு,

மூன்றாவது ட்ரிப்புக்கும் நான்காவது ட்ரிப்புக்கும் நடுவில், பஸ் டிப்போ கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மேசையின் குற்றம்.

கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டீர்கள். உடை எப்போது எடுப்பது என்று மட்டும் என்னிடம் கேட்பாய். நல்ல நியாயம். நான் புருஷனை விட்டு வெளியே வந்தபோது அப்பா என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "எனக்கு ஒரே பொண்ணுதான், சின்னவ மட்டும்தான்." அதைக் கேட்டுக்கொண்டு நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். சரி, போகட்டும். கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

கடைக்காரர்கள் எட்டு மாதத்துக்கு முன்னாலேயே வரச் சொல்வார்கள். நம்பாதே. தைத்துக் கொடுக்க அவர்களுக்கு நாலு மாதம் தாராளம், சரிபார்க்க இன்னும் கொஞ்சம். ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்தால் ஊரில் உள்ள எல்லோருக்கும் கருத்துச் சொல்ல நேரம் கிடைத்துவிடும். வார நாளில் காலையில் போ, கூட்டம் இருக்காது. கூட ஒரே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போ. நாலு பேர் போனால் அது நாலு பேர் போடுகிற உடை. அன்றைக்குப் போடப்போகிற செருப்பை எடுத்துப் போ. உடம்பு இளைத்த பிறகு பொருந்தும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் பொம்மை மாதிரி நிற்காதே. உட்கார். கையைத் தூக்கு. குனிந்து கீழே கிடக்கும் எதையாவது எடு. நன்றாக மூச்சை இழுத்து விடு. பாத்ரூமுக்குத் தனியாகப் போய் வர முடியுமா என்று பார். என் உடையில் இது எதுவுமே முடியவில்லை. படத்தில் மட்டும் ராணி மாதிரி இருந்தேன்.

மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறாய். கேட்ட பிறகு என்ன செய்கிறார் என்றும் எழுது.

அக்கா

மார்ச் 14

அக்கா,

அவசரப்படாதே என்றாய், எனக்குத்தான் பொறுக்கவில்லை. நீ சொன்னபடியே வார நாளில், செவ்வாய்க்கிழமை காலையில், லேபில் லீவு சொல்லிவிட்டு, மெழுகம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். முதல் கடையில் ஒரே வெள்ளையாக வரிசை கட்டி வைத்திருந்தார்கள். விற்கிற பெண் "இது பால் வெள்ளை, இது முத்து வெள்ளை, இது தந்தம்" என்று அடுக்கிக்கொண்டே போனாள். மெழுகம்மா என் காதில், "அது ஏ-டூ. இது ஏ-த்ரீ, டீ குடிக்கிறவங்க பல்லு" என்றார். எங்கள் லேபில் பல் நிறம் பார்க்கும் அட்டையில் உள்ள பெயர்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தப் பெண் முறைத்தாள்.

இரண்டாவது கடையில் ஒன்று கிடைத்தது அக்கா. ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கை முழங்கை வரைதான். கழுத்தில் எதுவும் இல்லை. பக்கவாட்டில் ஜிப், நானே போட்டு நானே கழற்ற முடிந்தது. உட்கார்ந்தேன், குனிந்தேன். கடைசியில் மெழுகம்மாவின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கடையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். "கல்யாணம் முடிஞ்சு நேரா வேலைக்கே போகலாம் போலயே" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு வாரம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் சந்தோஷத்தில் உளறிவிட்டேன். அம்மா அண்ணியிடம் சொல்லிவிட்டாள். அண்ணி அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். கோபமே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம கடை இருக்கிறப்ப நீ வெளிய போய் எடுத்தா ஊர்ல என்ன நெனப்பாங்க? உனக்குத் தைக்கணும்னு நான் எவ்ளோ நாளா காத்துட்டிருக்கேன் தெரியுமா? எனக்குன்னு தைக்கத்தான் குடுத்து வைக்கல" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. தம்பிக்காகவே அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்புறம் எப்படி மாட்டேன் என்று சொல்வது?

அங்கேயே எங்கள் கூடத்தில் நிற்க வைத்து அளவு எடுத்தார். அப்பா பேப்பரை இறக்காமலே, "பாரு, எப்படி அக்கறையா இருக்காங்க" என்றார்.

கேட்ட பிறகு என்ன செய்கிறார் என்று நீ எழுதியிருந்தாய். அவரிடம் அந்த இரண்டாவது கடை உடையைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

சின்னு

ஏப்ரல் 2

சின்னு,

"நல்லாத்தான் இருந்திருக்கும்." இந்த ஒரு வரியை என் பஸ்ஸின் முன் கண்ணாடியில் ஒட்டி வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

உன் அண்ணி கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. கெட்டவளாக இருந்தால் உனக்குச் சுலபம், எதிர்த்துப் பேசிவிடுவாய். அழுகிறவளை எதிர்த்து நம்மால் எதுவும் பேச முடியாது, நம் வளர்ப்பு அப்படி. ஒன்று மட்டும் செய். உடை அவர் தைக்கட்டும், எப்படி இருக்க வேண்டும் என்று நீ சொல். ஒரே ஒரு விஷயமாவது நீ சொன்னபடி நடக்க வேண்டும். பக்கவாட்டு ஜிப். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

ரூட் மாற்றிவிட்டார்கள். புது வழியில் எங்கும் திரும்ப இடமில்லை, ஒற்றைச் சந்து. தினமும் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான்.

அக்கா

மே 18

அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ட்ரையல்.

ஜிப்பைப் பற்றிச் சொன்னேன். அண்ணி சிரித்தார். "கல்யாணப் பொண்ணு தானே கழட்டிக்கிற உடுப்பாம்மா இது? பின்னாடி வரிசையா பட்டன்தான் அழகு. போட்டுவிட நான் இல்ல?" என்றார். கடையில் இருந்த தையல்காரப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

நீ உடனே முகத்தைச் சுளிக்காதே. உடை நிஜமாகவே அழகாக வருகிறது. காலர் முதலில் கழுத்துக்குழி வரை இருந்தது, இப்போது தாடைக்குக் கீழே வரை வந்திருக்கிறது. கை மணிக்கட்டைத் தாண்டிப் போகிறது. இடுப்பை மட்டும் என் அளவுக்கு ஒரு பிடி குறைத்து வெட்டிவிட்டார். "டிசம்பருக்குள்ள சரியாயிடுவ. கொஞ்சம் வாயைக் கட்டு." நான் குண்டா அக்கா? எனக்கே இப்போது தெரியவில்லை. கடையில் மூன்று பக்கமும் கண்ணாடி. என் முதுகை நான் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

இன்னொன்று. என் கை. மாவில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறதே, அது பட்டுநூலில் சிக்கி இழுக்கிறது. அண்ணி ஒரு க்ரீம் கொடுத்தார். அது போதவில்லை. கல்யாணம் வரைக்கும் லேபுக்குப் போகாமல் இருந்தால் தேவலை என்கிறார். ஆறேழு மாதம்தானே. அம்மாவும் அதையே சொல்கிறாள். இன்னும் நான் முடிவு செய்யவில்லை.

போன சனிக்கிழமை அவரும் வந்திருந்தார், அவருக்கும் கோட்டுக்கு அளவு எடுக்க. அண்ணி சொல்லும் முன்பே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஐந்து வயதுப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அது கையைத் தூக்குமே, அந்த மாதிரி. அண்ணி அவர் தலையைத் திருப்பினார், தோளை அமுக்கினார், ஒரு தடவை மூக்கைக்கூடத் துடைத்துவிட்டார். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். பாவம், இவருக்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. நான் போனால் கொஞ்சமாவது மாறும் என்று நினைக்கிறேன்.

சின்னு

ஜூன் 1

சின்னு,

பாவம்! இந்தச் சொல்லுக்குள் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள் என்று அம்மாவைக் கேள். நானும் நாலு வருஷம் நடத்தினேன். வாடகை கொடுத்து மாளவில்லை.

வேலையை விடாதே. கையில் வெடிப்பு இருந்தால் உறை போட்டுக்கொண்டு கல்யாணம் செய்துகொள். அந்தக் கை கொண்டுவரும் சம்பளம் உன் பெயரில் வருகிறது. உடை சிக்கி இழுத்தால் உடையை மாற்று, கையை மாற்றாதே.

உனக்கு அறிவு சொல்கிற இடத்தில் நான் இல்லை என்று நினைப்பாய். நினை. வேலையை மட்டும் விடாதே.

அக்கா

ஜூலை 22

அக்கா,

வேலையை விட்டுவிட்டேன். நீ திட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்போது அண்ணியின் கடைக்கு மேலே உள்ள அறையில் இருக்கிறேன். ட்ரையலுக்கு அடிக்கடி வந்துபோக வேண்டியிருக்கிறது, வெயிலில் அலைந்தால் முகம் கறுக்கும், இங்கேயே தங்கிவிடு என்றார். அப்பா, "எங்க இருந்தா என்ன, போகப்போற எடம்தானே" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டுப்போனார். அறை சுத்தமாக இருக்கிறது. ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. தூசி வந்து துணியில் படியும் என்று அதைத் திறப்பதில்லை.

உன் போன கடிதத்தை மெழுகம்மாதான் கொண்டுவந்து கொடுத்தார். தன் மகளுக்கு உடை பார்ப்பது போல வந்தார். அவருக்கு மகளே இல்லை. அண்ணி இருபது உடைகளை எடுத்துப் போட்டுக் காட்டினார். மெழுகம்மா எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, "மாப்பிள்ளை இன்னும் அமையல" என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன், போர்வைக்குள்.

ஃபோனில் எழுதலாமே என்று கேட்காதே. அண்ணி எடுத்துப் பார்ப்பார். ஒளித்துப் பார்க்க மாட்டார், என் முன்னாலேயே பார்ப்பார். "நமக்குள்ள என்ன" என்பார். நீ கல்யாணத்துக்கு வரலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோர்த்தார். பிறகு, "அவங்க வாழ்க்கை அவங்களுக்கு. நல்ல நாள்ல எதுக்கும்மா?" என்றார். இதை அவர் தம்பியிடம் தனியாகச் சொன்னேன். "அக்கா சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்" என்றார்.

இடுப்பு இப்போது பொருந்துகிறது. எல்லோரும் பாராட்டுகிறார்கள். எப்போதும் கொஞ்சம் பசிக்கிறது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

சின்னு

ஆகஸ்ட் 3

சின்னு,

திட்டவில்லை. நாலு தடவை திட்டி எழுதிக் கிழித்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வண்டி எடுத்தேன். வழக்கமாக நிற்கிற ஸ்டாப்பில் நிறுத்தாமல் போய்விட்டேன். கண்டக்டர் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோனான். "அக்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

நீ எழுதுவதில் எல்லாம் சரியாக இருக்கிறது. அறை சுத்தம், உடை அழகு, இடுப்பு பொருத்தம். குறை ஒன்றும் இல்லாத கடிதம். என் கல்யாணமான முதல் வருஷம் நான் அம்மாவுக்கு எழுதியவை எல்லாம் இப்படித்தான் இருக்கும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஒரே கேள்வி. பதில் எனக்கு வேண்டாம், நீயே சொல்லிக்கொள். உனக்கு இது வேண்டுமா?

அக்கா

செப்டம்பர் 11

அக்கா,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இப்போது மெழுகம்மா வீட்டு முன்னறையில் இருக்கிறேன். பயப்படாதே.

திங்கட்கிழமை மதியம் கடைசிக்கு முந்தின ட்ரையல். பட்டன்கள் வந்து சேரவில்லை. அதனால் முதுகுப் பக்கத்தைத் தற்காலிகமாகப் பெரிய பெரிய தையலாகப் போட்டு மூடிவிட்டார் அண்ணி. என்னை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தையல்காரப் பெண்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். பட்டன் கடையிலிருந்து ஃபோன் வந்தது. "அசையாம நில்லும்மா, இதோ வந்துடறேன். யாரும் உள்ள வந்து பாத்துடக்கூடாது" என்று கண்ணாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் ஃபோன் அவர் கைப்பையில். காற்றில் துணி பறக்கும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டிருந்தார்.

முதலில் நின்றேன். கால் வலித்தது. உட்காரப் போனால் இடுப்பில் ஊசிகள். காலர் தாடையை மேலே தூக்கிப் பிடித்திருந்ததால் என் காலைக்கூட நான் பார்க்க முடியவில்லை. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. மூன்று கண்ணாடியிலும் அதே பெண், கழுத்தை நீட்டிக்கொண்டு. யாரோ என்று நினைத்தேன். சத்தியமாக அக்கா, ஒரு நிமிஷம் அது நான் என்று தெரியவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெளியே தெருவில் ஆட்கள் போனார்கள். கதவைத் தட்டலாம், ஆனால் கல்யாணப் பெண் உடையோடு கதவைத் தட்டுகிறாள் என்று ஊரே கூடிவிடும். அப்போது அவர் வந்தார். பள்ளிக்கூடத்தில் அரை நாளாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்து அப்படியே மலர்ந்துவிட்டார்.

"ரொம்ப அழகா இருக்கீங்க" என்றார்.

"கதவைத் திறங்க."

"சாவி அக்காகிட்டல்ல இருக்கு."

"வீட்ல இன்னொரு சாவி இருக்குமே."

"இருக்கு. ஆனா அக்காவைக் கேக்காம எப்படி எடுக்கறது?"

"எனக்கு மூச்சு முட்டுதுங்க."

"உக்காந்துக்கோங்க."

"உக்கார முடியல."

அவர் பதறினார். பதறவில்லை என்று சொன்னால் பாவம் பிடிக்கும். உடனே ஃபோனை எடுத்து அண்ணியிடம் பேசினார். பேசப் பேச அவர் முகம் சின்னப் பையன் முகமாக மாறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். தலையை ஆட்டினார். "சரிக்கா, சரிக்கா" என்றார். பிறகு என்னிடம் வந்து, "இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருமாம். துணியை மட்டும் கசக்கிடாம பாத்துக்கச் சொல்லுச்சு" என்றார்.

வீடு பின் தெருவில்தான் இருக்கிறது. ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வரலாம். அவர் போகவில்லை. என்னை விட்டுப் போக மனம் வராமல் அங்கேயே கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கையைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. இனி எத்தனை வருஷமானாலும் எனக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் இவர் இப்படித்தான் பக்கத்திலேயே நிற்பார், மிகவும் வருத்தப்பட்டுக்கொண்டு. அது தெளிவாகத் தெரிந்துவிட்டது.

வெட்டும் மேசையில் கத்தரி இருந்தது. முதுகு எட்டவில்லை. இடது கையின் அடியில், அக்குளில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் பக்கவாட்டுத் தையலைப் பிரித்தேன். துணியை வெட்டவில்லை, நூலை மட்டும்தான். அச்சு உடையாமல் மாவைப் பிரித்து எடுக்கும் கை இது, அவசரப்படாது. வெளியே அவர், "ஐயோ, அக்கா திட்டுமே" என்று சொல்லிவிட்டு மரியாதையாகத் திரும்பிக்கொண்டார். நான் திரைக்குப் பின்னால் போய் என் பழைய உடையைப் போட்டுக்கொண்டேன். மூச்சை இழுத்தேன். முழுதாக வந்தது. அழுகையும் வந்தது.

அண்ணி கதவைத் திறந்துகொண்டு வந்தார், பின்னாலேயே அவரும். மேசையில் கிடந்த உடையைப் பார்த்தார். பிரித்த இடத்தை விரலால் தடவினார். கத்தப்போகிறார் என்று தயாராக நின்றேன். அவர் சொன்னது இதுதான்: "தையல்தானே. நாளைக்கே தைச்சுடலாம். நீ ஏதாவது சாப்பிட்டியா?"

நிஜமான அக்கறையோடு கேட்டார். எதைப் பிரித்தாலும் இவர் திரும்பத் தைத்துவிடுவார் என்று புரிந்தது.

"தைக்க வேணாம் அண்ணி" என்றேன்.

"ஏன்மா?"

"நான் போட்டுக்கப் போறதில்ல."

"மாடல் பிடிக்கலையா? காலரை வேணா கொஞ்சம் எறக்கிடலாம்."

"கல்யாணமே வேணாம் அண்ணி."

அண்ணி அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, இனி அவன்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றார்.

அவர் தம்பி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"என்கிட்டயே சொல்லலாமேக்கா. இங்கதான நிக்கிறேன்" என்றார்.

அண்ணி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இருவரும் என்னைத் தடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனேன். அம்மா, "உடுப்பு பிடிக்கலன்னா யாராச்சும் கல்யாணத்தை நிறுத்துவாங்களாடி?" என்று வாயில் துணியை வைத்து அழுதாள். அப்பா கதவைச் சாத்தவில்லை. வா என்றும் சொல்லவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. நான் பெட்டியைக் கீழே வைக்காமலே திரும்பிவிட்டேன்.

சின்னு

செப்டம்பர் 19

என் தங்கமே,

படித்துவிட்டு டிப்போவில் எல்லோர் முன்னாலும் அழுதேன். கண்டக்டர் பயந்துபோய் லீவு எழுதிக் கொடுக்கவா என்று கேட்டான்.

நீ இங்கே வந்துவிடு. நான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டேன். என் அறைக்கு அடுத்த அறை காலியாகிறது, பேசி முடித்தாயிற்று. டிப்போவுக்கு எதிர்த் தெருவில் ஒரு பல் லேப் இருக்கிறது, முதலாளியைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் முதல் வாரமே சேரலாம். டிக்கெட் போட்டாயிற்று, ஐந்தாம் தேதி. மெழுகம்மா வீட்டில் எத்தனை நாள் இருப்பாய்? வேலைக்குப் போட்டுக்கொள்ள உனக்கு இரண்டு சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். உன் அளவு எனக்குத் தெரியாதா? ஒரு நீலம், ஒரு பச்சை. தலைமுடியை இங்கே வந்ததும் வெட்டிவிடலாம், இந்த ஊர்த் தண்ணீருக்கு நீளமுடி தாங்காது.

பெட்டியில் அதிகம் எதுவும் எடுத்து வராதே. நான் ஸ்டேஷனில் நிற்பேன்.

அக்கா

செப்டம்பர் 27

அக்கா,

இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். நீ கோபப்படுவாய். பட்டாலும் பரவாயில்லை, பொய் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

நான் வரவில்லை.

அந்த இரண்டு சட்டையும் கச்சிதமாகப் பொருந்தும் என்று தெரியும். அந்த அறை பிடிக்கும், வேலையும் பிடிக்கும். முடியை வெட்டினால்கூட நன்றாகத்தான் இருக்கும். அதுதான் அக்கா பயமாக இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்தபோது கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும் போல இருந்தது. நீ என்மேல் வைத்திருக்கிற பாசத்தை நான் அறியாதவளா? உன்னை யாரோடும் சேர்த்துச் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு யார் எனக்கு எதை எடுத்து வைத்தாலும் போட்டுக்கொண்டுவிடுவேன். அப்படி ஒரு பழக்கம் என் உடம்பில் ஊறிக் கிடக்கிறது. அது கொஞ்சம் போகட்டும்.

லேபில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பழைய மேசையில் வேறு ஒரு பெண் இருக்கிறாள். எனக்கு மாவு கரைக்கும் வேலை மட்டும்தான். ஒரே வாரத்தில் விரல் மறுபடி வெடித்துவிட்டது, எரிகிறது. மெழுகம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்கள் விடுதியில் கட்டில் பிடித்து வந்துவிட்டேன். அலமாரிக் கதவு மூடாது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஆனாலும் திறந்து வைத்திருக்கிறேன்.

நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. தெருவில் அம்மாவைப் பார்த்தேன், பார்க்காதது போல எதிர்ப்பக்கம் போய்விட்டாள். காலையில் எழுந்தால் என்ன சாப்பிடுவது, எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை. சில நாள் கட்டில் ஓரத்திலேயே வெகு நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணியின் தம்பி ஒரு நாள் லேபுக்கு வந்தார், என் ஃபோனைக் கொடுக்க. வாசலிலேயே நின்றார். காலில் புதுச் செருப்பு, நொண்டி நொண்டி நடந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சைஸ் தப்பாயிடுச்சு. நானே போய் எடுத்தேன்" என்றார். இருவரும் சிரித்தோம். அவ்வளவுதான். போய்விட்டார். திரும்ப வர மாட்டார், வரவும் வேண்டாம்.

உன் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. என்னைத் திட்டி எழுது. ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

சின்னு

அக்டோபர் 8

சின்னு,

முதலில் ஒரு கடிதம் எழுதினேன். நன்றி கெட்டவள் என்றெல்லாம் அதில் இருந்தது. இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஓட்டினேன். அதை அனுப்பவில்லை.

வலிக்கிறது என்பதை மறைக்கவில்லை. நீ வருவாய் என்று அந்த அறையைக் கழுவிவிட்டேன், கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டேன், நீ எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாய் என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். நானே நிறைந்து போயிருந்தேன் அதில். உனக்கு இடமே இல்லை.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அறையை வேறொருத்திக்கு விட்டுவிட்டார்கள்.

இந்த மாதக் கடைசியில் எனக்கு மூன்று நாள் விடுப்பு இருக்கிறது. நம் வீட்டுக்குப் போக மாட்டேன், அப்பாவிடம் உனக்காகப் பேசவும் மாட்டேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, வேறு காரணம் இல்லை. அடுத்த வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரமானது என்று கேட்காதே, கேட்டுப் பழகாதவள் நான்.

வரலாமா? எப்போது வரலாம் என்று நீ சொல். இப்போது வேண்டாம் என்றாலும் சொல், இன்னொரு முறை கேட்கிறேன்.

அக்கா